பாகூர் பக்கம் ஒரு மயில் உள்ளான்

கடலூர்லேந்து பாண்டிக்குப் போறவங்க பெரும்பாலும் மெயின் ரோட்டுலயே போயிடுறாங்க. கொஞ்சம் உள்ள தள்ளி பாகூர் பக்கமா வண்டிய திருப்பினா ஏரி, வாய்க்கா, நெல்லு வயலு, திரும்பவும் ஒரு ஏரின்னு மாத்தி மாத்தி வந்துகிட்டே இருக்கும். புதுச்சேரி பகுதியில மட்டும் 84 ஏரிங்க இருக்கு, அதுல பெருசு ஊசுட்டேரி, அதுக்கு அடுத்தது பாகூர் ஏரி, மத்ததெல்லாம் ஊருக்கு ஒண்ணுன்னு சின்னச் சின்னதா. நடுநடுவுல தமிழ்நாட்டு எல்லை வந்துட்டுப் போகும், கடை போர்டுல இருக்குற ஊர் பேர வெச்சுத்தான் இப்ப எந்தப் பக்கம் நிக்கறோம்னு கண்டுபிடிக்கணும். இந்த ஏரிங்கள்ல ஒண்ணுல, ரோட்டுலேந்து கல்லெறி தூரத்துல, மயில் உள்ளான்னு ஒரு பறவை இருக்கு. எந்த ஏரின்னு மட்டும் சொல்லமாட்டேன், ஏன்னு போகப் போக சொல்றேன்.

தை மாசம் ஆச்சுன்னா இந்தப் பக்கத்து ஏரிங்களுக்கு நல்ல கூட்டம் வரும். பொங்கல் லீவுல பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது இல்லையா, அதுக்காக வர்றவங்க, கேமராவோட வர்றவங்க, புள்ளைங்கள கூட்டிட்டு சும்மா காட்டலாம்னு வர்றவங்க. எல்லாருக்கும் கண்ணு போறது ஏரி நடுவுல தான். கூழைக்கடா கும்பலா மிதக்கும், நாமக்கோழி நூத்துக்கணக்குல இருக்கும், வடக்கேயிருந்து வந்த ஊசிவால் வாத்துங்க வெயில்ல படுத்துக் கெடக்கும், பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனா எனக்கு ஏரியில ரொம்பப் புடிச்ச எடம் ஓரம் தான். தண்ணியும் இல்லாம தரையும் இல்லாம கணுக்கால் அளவுக்கு சேறும், கோரையும், நடுவுல தேங்கின தண்ணியும் இருக்கும் பாருங்க, அந்த எடம். பாக்கறதுக்கு அசிங்கமா இருக்கும், நாத்தம் கூட அடிக்கும், அதனாலயே யாரும் அங்க நிக்கறதில்ல. மயில் உள்ளான் வாழறது முழுக்க அங்கதான்.

இந்தப் பறவைய அபூர்வம்னு சொல்லலாமான்னு கேட்டா கொஞ்சம் யோசிச்சுத்தான் பதில் சொல்லணும். உலக அளவுல பாத்தா ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா, தென்கிழக்கு ஆசியா, சீனா, ஜப்பான் வரைக்கும் பரவியிருக்குற பறவை, எந்த உயிரினம் அழியுற ஆபத்துல இருக்குன்னு கணக்கு வெக்குற ஐயூசிஎன் அமைப்போட பட்டியல்லயும் அதிக கவலை இல்லாத வகையில தான் இருக்கு. ஆனா பல வருஷமா ஏரி ஏரியா சுத்துற ஆளுங்கள கேட்டுப் பாருங்க, விரல் விட்டு எண்ணிடலாம்னு சொல்லுவாங்க. பகல் முழுக்க கோரைக்குள்ள அசையாம நிக்கும், பொழுது சாயும்போதும் விடியறதுக்கு முன்னாடியும் தான் மேய வெளிய வரும். பக்கத்துல ஆள் வந்தாலும் பறக்காது, அப்படியே உறைஞ்சு போயி நிக்கும், நாம மிதிக்கிற அளவுக்குப் போனாத்தான் கடைசி நிமிஷத்துல எழும்பும். எழும்பினாலும் கால தொங்கப் போட்டுகிட்டு மெதுவா பறந்து ஒரு இருபது முப்பது அடி தள்ளி திரும்ப கோரைக்குள்ள விழுந்துடும். அவ்ளோதான், அதுக்கப்பறம் தேடினா கெடைக்காது.

நான் முதல்ல பாத்தது ஒரு மாசி மாச சாயங்காலம். கடலூர்ல ஒரு வேலைய முடிச்சுட்டு பைக்ல திரும்பி வந்துட்டு இருந்தேன், சூரியன் எறங்கிட்டு இருந்துச்சு, ஏரி ஓரமா வரத்து வாய்க்கா வந்து சேர்ற மூலையில ரோட்டுக்கு ஒரு சின்னப் பாலம் இருக்கு, அந்தப் பாலத்துக் கட்டை மேல வண்டிய சாய்ச்சு வெச்சுட்டு பைனாகுலர எடுத்தேன். பொரி உள்ளானுங்க அஞ்சாறு நடந்துட்டு இருந்துச்சு, ரெண்டு நெடுங்கால் உள்ளான், ஒரு மடையான். அந்த மடையானுக்குப் பின்னாடி கோரைத் தூர்ல ஒரு வெள்ளக் கோடு தெரிஞ்சுது. குப்பை தான்னு தோணும், ஏன்னா அந்த மூலையில பிளாஸ்டிக் கவர் நெறைய ஒதுங்கும். ஆனா அந்தக் கோடு ரொம்ப சுத்தமா, வளைவா இருந்துச்சு, அதனால கண்ண எடுக்காம பாத்துட்டே இருந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு அந்தக் கோடு ஒரு அடி முன்னாடி நகந்துச்சு.

பொட்டை மயில் உள்ளான். நெஞ்சுலேந்து தோள் மேல ஏறி முதுகு வரைக்கும் போற ஒரு வெள்ளப் பட்டை, அதத்தான் நான் கோடுன்னு பாத்துட்டு இருந்தேன். கழுத்தும் மாரும் அடர்த்தியான செங்கபில நெறம், அதுக்குக் கீழ கறுப்பா ஒரு பட்டை, அப்பறம் வயிறு பளிச்சுனு வெள்ள. கண்ணச் சுத்தி வெள்ளையா ஒரு வளையம், அது பின்பக்கமா கொஞ்சம் நீண்டு கமா போட்ட கணக்கா முடியும். உச்சந்தலை நடுவுல வெளிர் மஞ்சள் கோடு. முதுகு பச்சையும் வெண்கலமும் கலந்த ஒரு நெறம், அதுல ரொம்ப மெல்லிசா கறுப்பு வரிகள், பைனாகுலர்ல பக்கத்துல கொண்டு வந்து பாத்தாத்தான் அந்த வரிகளே தெரியும். அலகு நீளம் தான், ஆனா கோரை உள்ளானுக்கு இருக்குற அளவுக்கு நீளம் கெடையாது, நுனியில லேசா கீழ வளைஞ்சு கொஞ்சம் செவந்து இருக்கும்.

அது மேயுற விதம் தான் என்னைய அங்கயே கட்டிப் போட்டுடுச்சு. தண்ணிக்குள்ள அலக விட்டு இப்படியும் அப்படியுமா துழாவும், நாலு தடவ துழாவிட்டு ஒரு தடவ சேத்துல குத்தும், ஒவ்வொரு அடிக்கும் பின்பக்கம் மட்டும் மேலயும் கீழயும் ஆடும், தலை ஆடவே ஆடாது. ஒரு லாரி ஹாரன் அடிச்சுட்டு போச்சு, உடனே நின்னுடுச்சு. ஒரு கால் தூக்கின நெலையிலயே நின்னுச்சு. பொரி உள்ளானெல்லாம் கத்திகிட்டு பறந்து போயி திரும்பி வந்து மேயவே ஆரம்பிச்சுடுச்சு, இது மட்டும் தூக்கின கால கீழ வெக்கல. நானும் அசையாம நின்னேன். வெளிச்சம் கொறைய கொறைய அந்த செங்கபிலம் கறுப்பா மாறிட்டே வந்துச்சு, கடைசியில அந்த வெள்ளப் பட்டை மட்டும் தான் தெரிஞ்சுது.

அப்ப பின்னாடிலேந்து ஒரு குரல். "இன்னா தம்பி, இங்கயே நிக்கிற? வண்டி பஞ்சரா?" பக்கத்துல புல்லு அறுத்துகிட்டு இருந்த அம்மா, தலையில கட்டோட பாலத்துக்கு ஏறி வந்துட்டாங்க.

"இல்லம்மா, பறவ பாக்கறேன். அந்தக் கோரையில ஒண்ணு நிக்குது, மயில் உள்ளான்னு."

அவங்க அந்தப் பக்கம் திரும்பிக் கூட பாக்கல. "காலி பாட்டில்ல வாய வெச்சு ஊதுறாப்புல பொழுது போனதும் ஒண்ணு கத்துமே, அதுவா? அது இங்கயே தான் கெடக்குது. போன வருசம் நாலு குஞ்சு கூட்டிகினு வாய்க்கா ஓரமா ஓடிச்சு, நான் தான் அருவாள கீழ வெச்சுட்டு அது போற வரைக்கும் நின்னேன். அது மட்டும் சாம்ப கலரா இருந்துச்சு, இப்ப நீ பாக்குறது வேற."

எந்தப் புத்தகமும் படிக்காம அந்த அம்மா ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டுப் போனது இந்தப் பறவையோட முழுக் கதையையும். குஞ்சு கூட்டிட்டு ஓடினது ஆம்பளை. சாம்பல் பழுப்புல, ரெக்கை மேல பொன் நெறப் புள்ளி போட்டு, கண்ணச் சுத்தி வெள்ளைக்குப் பதிலா வெளிர் மஞ்சளா இருக்கும் ஆண். பறவைங்கள்ல பொதுவா ஆண் தான் கலரா இருக்கும், மயில்லயும் அப்படித்தான், சேவல்லயும் அப்படித்தான். இதுல பொட்டை தான் பெருசு, பொட்டை தான் அழகு, பாடுறதும் பொட்டை தான். ஆணுக்காக பொட்டைங்க தான் ஒண்ணோட ஒண்ணு போட்டி போடும். ஒரு ஆணோட சேந்து பெரும்பாலும் நாலு முட்டை இட்டுட்டு அத அவன்கிட்டயே விட்டுட்டு அடுத்த ஆணத் தேடிப் போயிடும், ஒரு சீசன்ல ரெண்டு மூணு ஆணோட கூட சேரும். அடைகாக்குறது, குஞ்சு பொரிச்சப்பறம் கூட்டிட்டுப் போயி மேயக் கத்துக் குடுக்குறது எல்லாம் அப்பா வேலை. அடை ஏறக்குறைய 19 நாள். அத்தன நாளும் அவன் தரையில, கோரைக்கு நடுவுல புல்ல மடிச்சுப் போட்ட ஒரு மெத்தை மேல ஒக்காந்திருக்கணும், சுத்தி பாம்பு, கீரி, நாய், காக்கா. அதனாலதான் அவனுக்கு அந்த மண்ணு நெறம், அந்தப் புள்ளி. பொட்டைக்கு கூட்டுல ஒக்கார வேலை இல்லாததால கலரோட திரிய முடியுது.

அந்த பாட்டில் சத்தம் பத்தியும் சொல்லணும். வளந்த பொட்டைக்கு மூச்சுக்குழாய் நீளமா, வளைஞ்சு சுருண்டு இருக்கும், ஆணுக்கு அப்படிக் கெடையாது. அதனாலதான் கால் கிலோ கூட இல்லாத ஒரு பறவையிலேந்து அவ்ளோ ஆழமான, அவ்ளோ தூரம் போற சத்தம் வருது. இருட்டினதுக்கப்பறம் ஊ… ஊ… ஊன்னு விடாம வரும், எங்கேந்து வருதுன்னு சரியா சொல்ல முடியாது, ஏரி முழுக்க அது தான் கேக்குற மாதிரி இருக்கும். தவளை சத்தம், மோட்டார் சத்தம் எல்லாத்துக்கும் கீழ ஓடிட்டு இருக்குறதால காது பழகினவங்களுக்குத்தான் பிரிச்சு கேக்கும். அந்த அம்மாவுக்கு பழகியிருக்கு.

பேருல உள்ளான்னு இருந்தாலும் இது நெசமான உள்ளான் குடும்பம் கெடையாது. 1758ல லின்னேயஸ் இதுக்கு அறிவியல் பேரு வெச்சப்ப கானாங்கோழி வகையில கொண்டு போயி சேத்துட்டாரு, கால தொங்கப் போட்டு பறக்குறதையும் கோரைக்குள்ள ஓடி ஒளியறதையும் பாக்கும்போது நமக்கும் கானாங்கோழி ஞாபகம் தான் வரும். உண்மையில இதுக்கு நெருங்குன சொந்தம் இலைக்கோழி. நம்ம ஏரியில அல்லி இலை மேலயும் தாமரை இலை மேலயும் நீள நீள விரல வெச்சு நடக்குமே அது. இலைக்கோழியிலயும் அப்பா தான் அடைகாக்கும், பொட்டை பல ஆணோட சேரும், இப்ப யோசிச்சா குடும்ப ஜாடை நல்லாவே தெரியுது. உலகத்துல மயில் உள்ளான் வகை மொத்தமே மூணு தான். ஒண்ணு தென் அமெரிக்காவுல, ஒண்ணு ஆஸ்திரேலியாவுல, ஒண்ணு நம்மளது. ஆஸ்திரேலியாவுல இருக்குறது அழியுற நெலைக்கு வந்துடுச்சு. அங்கயும் ஏரி சதுப்பு நிலமெல்லாம் வத்திப் போனது தான் பெரிய காரணம்.

இப்ப அந்த மூலைக்கு வர்றேன், எனக்கு நெசமா சொல்லணும்னு இருக்குறது அதப்பத்தித்தான்.

ஒரு ஏரிய நல்லா பாத்தீங்கன்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. கரை இருக்குற பக்கம் ஆழம், செங்குத்தா எறங்கும், மதகும், மிஞ்சின தண்ணி வழியுற கலிங்கலும் அங்கதான் இருக்கும். எதிர்ப்பக்கம் உள்வாய், அங்க தரை கொஞ்சம் கொஞ்சமா தண்ணிக்குள்ள எறங்கும், எங்க தரை முடியுது எங்க தண்ணி ஆரம்பிக்குதுன்னே தெரியாது. ஐப்பசி கார்த்திகையில மழை பேஞ்சு ஏரி நெறஞ்சா உள்வாய் முழுக்க முழுகிடும். தை பொறந்ததும் நவரைப் பட்ட நெல்லுக்கு தண்ணி தொறப்பாங்க, மட்டம் எறங்கும், எறங்க எறங்க உள்வாய்ப் பக்கம் வாரத்துக்கு ஒரு புது ஓரம் வெளிய வரும். அந்தப் புது சேத்துல நத்தை, புழு, பூச்சி, போன வருஷத்து கோரை விதை எல்லாம் இருக்கும். மயில் உள்ளானுக்கு கால் நீளம் கெடையாது, அலகும் ரெண்டு அங்குலம் தான், அதுக்கு மேல ஆழமா தண்ணி இருந்தா அதால மேய முடியாது. அது மேய்ச்சல் போடுற எடம் ஏரியில அந்த ஒரு மெல்லிசான பட்டை மட்டும் தான், அந்தப் பட்டை நகரும்போது அதுவும் கூடவே நகரும். வரத்து வாய்க்கா சேர்ற மூலையில மழைத்தண்ணி அடிச்சுட்டு வந்த வண்டல் விசிறியா படிஞ்சு கெடக்குறதால அங்க இந்தப் பட்டை ரொம்ப அகலமா இருக்கும். ரோட்டோர ஏரி மூலையில நான் அதப் பாத்தது அதனாலதான், தற்செயல்னு சொல்லிட முடியாது.

நம்ம ஊர்ல ஏரிய அளக்குறது எப்படின்னு யோசிச்சுப் பாருங்க. வீராணம் ஏரின்னா 47.5 அடி, 1,465 மில்லியன் கனஅடி, பேப்பர்ல தினமும் எவ்ளோ ஏறிச்சு எவ்ளோ எறங்குச்சுன்னு வரும். அது வேணும், சென்னைக்கு குடிதண்ணி போகுது, ஆயிரக்கணக்கான ஏக்கர் பாசனம் இருக்கு. ஆனா ஓரத்த யாரும் அளக்கறதில்ல. எவ்ளோ அகலத்துக்கு சேறு இருக்கு, எவ்ளோ கோரை இருக்குன்னு எந்தக் கணக்குலயும் வராது. கணக்குல வராத எடம் தான் முதல்ல போகுது.

எப்படிப் போகுதுன்னா, பெரும்பாலும் நல்ல எண்ணத்துலயே தான் போகுது. தூர்வாருறாங்க. தூர்வாருறது நம்ம பழக்கம், சோழர் காலத்துலயே ஏரியப் பாத்துக்க ஏரி வாரியம்னு தனியா ஒண்ணு வெச்சிருந்தாங்க, உத்திரமேரூர் கல்வெட்டுல இருக்கு, அத வேணாம்னு சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்ல. ஆனா அப்ப மண்வெட்டி, கூடை. இப்ப பொக்லைன். பொக்லைன் உள்வாய் ஓரத்துல நின்னு ஒரே மூச்சா பத்தடி ஆழத்துக்கு செங்குத்தா வெட்டிட்டுப் போயிடுது. ஏரிக்குத் தண்ணி கொஞ்சம் கூட புடிக்கும், ஆனா ஓரமே இருக்காது, தரை முடிஞ்ச எடத்துல நேரா கழுத்தளவு தண்ணி. மாடு எறங்க முடியாது, புல்லு அறுக்குற அம்மா எறங்க முடியாது, உள்ளான் நிக்க எடம் கெடையாது. அப்பறம் நடைபாதைன்னு கல்லு பதிக்கிறாங்க, சுத்தி கம்பி வேலி, லைட்டு. ராத்திரி மேயுற பறவைக்கு அந்த லைட்டு ஒண்ணே போதும் எடத்த விட்டுப் போக.

இன்னொன்னு நெய்வேலி காட்டாமணக்கு. ஊதாப் பூ பூத்து பாக்கறதுக்கு அழகா இருக்குமே, ஏரி ஓரமெல்லாம் புதரா மண்டியிருக்குமே, அது தென் அமெரிக்காலேந்து வந்தது. அது மண்டிட்டா அடியில கோரை வளராது, சேறும் தெரியாது. அத வெட்டணும், எனக்கு அதுல எந்த சந்தேகமும் இல்ல. ஆகாயத்தாமரையும் அப்படித்தான். ஆனா வெட்ட வர்றவங்களுக்கு கோரையும் சம்பும் காட்டாமணக்கும் ஒண்ணு தான், பச்சையா இருக்குறது எல்லாத்தையும் சேத்து வழிச்சுடுறாங்க. எது இருக்கணும், எது போகணும்னு கூட நின்னு சொல்ல ஒரு ஆள் வேணும்.

ஏரி பேரு ஏன் சொல்லலன்னு இப்ப சொல்றேன். உள்ளான் கறி சாப்புடுற பழக்கம் இந்தப் பக்கம் இன்னமும் போகல. பொழுது சாயும்போது ஓரத்துல கண்ணி வெப்பாங்க, மெல்லிசு நைலான் வலை கட்டுவாங்க, காலையில எது மாட்டியிருக்கோ அது. பொரி உள்ளான், கோரை உள்ளான், கானாங்கோழி எல்லாம் ஒரே கொத்தா கால கட்டி ரோட்டோரத்துல வித்தத என் கண்ணால பாத்திருக்கேன். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி புடிக்கிறதும் குத்தம், விக்கிறதும் குத்தம். கிட்ட வந்தாலும் பறக்காம நிக்குற பறவை, தாழ்வா பறக்குற பறவை, இருட்டுல நடமாடுற பறவை, வலைக்கு இத விட சுலபமான பறவை இருக்காது. அடைகாக்குற ஒரு ஆண் மாட்டினா அந்த நாலு முட்டையும் அதோட போச்சு, பொட்டை திரும்பி வராது. இத நெனச்சுத்தான் நான் செல்போன் ஆப்ல பதிவு போடும்போது கூட சரியான எடத்த போடாம, பாகூர் வட்டாரம்னு மட்டும் போட்டு, அதுவும் குஞ்சு வளந்து போனப்பறம் போட்டேன். ஃபோட்டோக்காக கோரைக்குள்ள எறங்குறவங்களும், ஃபோன்ல சத்தம் போட்டு வரவழைக்கிறவங்களும் வலை வெக்குறவன் அளவுக்கு கெட்டவங்க கெடையாது, ஆனா அடையில இருக்குற பறவைக்கு வித்தியாசம் தெரியப் போறதில்ல.

பாக்கணும்னு ஆசப்படுறவங்க என் ஏரிய தேட வேண்டியதில்ல, உங்க பக்கத்துலயே ஒண்ணு இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. தண்ணி எறங்கிட்டு இருக்குற ஏரியா பாருங்க, உள்வாய்ப் பக்கமா போங்க, வாய்க்கா வந்து சேர்ற எடம் இருந்தா இன்னும் நல்லது. சூரியன் மறையறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி போயி ஒரே எடத்துல நில்லுங்க, ரோட்டுலயே நில்லுங்க, எறங்காதீங்க. நடந்து தேடினா கெடைக்கவே கெடைக்காது. பொரி உள்ளான் மேயுற எடத்துக்கு பின்னால கோரைத் தூர ஒவ்வொண்ணா பாத்துட்டே வாங்க. கோரை உள்ளானோட குழப்பிக்க வாய்ப்பிருக்கு, அதுக்கு அலகு ரொம்ப நீளம், நேரா இருக்கும், கெளப்பிவிட்டா கத்திகிட்டு வளைஞ்சு வளைஞ்சு வேகமா பறக்கும், பங்குனி சித்திரையில வடக்க போயிடும். மயில் உள்ளான் வருஷம் முழுக்க இங்கயே இருக்குறது, எங்கயும் போகாது.

எங்கயும் போகாதுங்கறதால தான் எனக்கு அது மேல இவ்ளோ பாசம். 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கம் கரையக் கடந்தப்ப ஒரே நாள்ல 45 செ.மீ.க்கும் மேல மழை கொட்டுச்சு, அடுத்த ரெண்டு நாள்ல சாத்தனூர் அணையிலேந்து தண்ணி தொறந்து தென்பெண்ணையில வெள்ளம் வந்து கடலூரும் பாகூர் பக்கமும் முழுகிப் போச்சு. இந்தப் பக்கத்து ஏரிக்கெல்லாம் உயிர் குடுக்குறதே தென்பெண்ணை தான், சொர்ணாவூர் அணைக்கட்டுலேந்து பங்காரு வாய்க்கா வழியா பாகூர் ஏரிக்கு தண்ணி வருது, அந்த ஆறு அன்னிக்கு வீட்டுக்குள்ள வந்துடுச்சு. தண்ணி வடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சு அந்த மூலைக்குப் போனேன். கோரையெல்லாம் படுத்துக் கெடந்துச்சு, பாலத்துக் கட்டை ஒரு பக்கம் ஒடைஞ்சு போயிருந்துச்சு. ஆனா வாய்க்கா கொண்டாந்து கொட்டின புது வண்டல் பழைய அளவ விட அகலமா விரிஞ்சு கெடந்துச்சு. மாசி பொறந்து தண்ணி எறங்க ஆரம்பிச்சதும் பொட்டை அங்க வந்துடுச்சு. ஒரு வாரம் தள்ளி ஆணும்.

அந்த வண்டல் தான் இப்ப பேச்சு. ஏரிக்குக் கீழ நிலம் வெச்சிருக்குற ஒரு பெரியவர்கிட்ட அந்த மூலைய அப்படியே விட்டா நல்லதுன்னு சொன்னேன். அவரு பொறுமையா கேட்டுட்டு, "தம்பி, நீ சொல்ற எடத்துல தான் வாய்க்கா அடைச்சுக்குது. அத எடுக்கலன்னா அடுத்த மழைக்கு தண்ணி உள்ள வராது, வெளிய பாயும், என் வயலும் போச்சு உன் குருவியும் போச்சு"ன்னாரு. அவரு சொல்றது முழுக்க நியாயம். தண்ணி வராத ஏரிக்கு ஓரம் ஏது. அப்பறம் ரெண்டு பேரும் கரை மேல நடந்து போயி பாத்தோம். வாய்க்கா நடுவுல ஓட்டத்துக்கு எவ்ளோ அகலம் வேணும்னு அவரு காட்டினாரு, நான் நெனச்சத விட கம்மியாத்தான் இருந்துச்சு. நடுவுல அவ்ளோ மட்டும் ஆழமா எடுத்துட்டு ரெண்டு பக்கமும் சரிவ சரிவாவே விட்டா தண்ணியும் வரும், சேறும் இருக்கும், எடுக்குற மண்ண கரையிலயே போடாம வயலுக்கு ஏத்திட்டா அவருக்கும் உரம். கோரை வேரு புடிச்சிருக்குற பக்கம் மண்ணு சரியாதுன்னு அவரே சொன்னாரு, நான் சொல்லல.

"சித்திரையில ஏரி வத்தினதும் வா, எதுவரைக்கும் வெட்டக் கூடாதுன்னு நீயே குச்சி நட்டுக் காட்டு. மிசின்காரன்கிட்ட நான் பேசிக்கறேன், எங்க ஆளு தான்"னாரு. புல்லு அறுக்குற அம்மாவையும் அன்னிக்கு வரச் சொல்லியிருக்கேன், குஞ்சு ஓடின எடம் அவங்களுக்குத்தான் சரியா தெரியும். குச்சிக்கு நெய்வேலி காட்டாமணக்கையே வெட்டலாம்னு பாத்தேன், ஆனா அது நட்ட எடத்துல தழைச்சுடும். அதனால மூங்கில் சொல்லி வெச்சிருக்கேன்.